‘சொதப்புதல்’ என்பது தவறு செய்வதா? எழுத்தில் அதை ஆளலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தமிழை முறையாகப் பயின்றவன் அல்லன். ஆயினும் ஒரு சொல் பற்றிய ஐயம் சென்ற வாரம் முதல் என்னை விடாமல் தொடர்வதால் இங்கே கேட்கத் துணிந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘என்னால் மறக்க முடியாத நாள்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினாள். பேச்சுப் போட்டியில் மேடையேறி, மனப்பாடம் செய்திருந்த உரையின் மூன்றாம் பத்தியை மறந்து, நான்காம் பத்தியை முதலில் சொல்லி, பிறகு நின்றுவிட்டதைப் பற்றிய கட்டுரை அது. அதில் ‘ஒரு மாதம் பயிற்சி செய்தும் அன்று சொதப்பிவிட்டேன்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘தவறிழைத்தேன்’ என்று திருத்தியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: “அப்பா, நான் தப்பு எதுவும் பண்ணலியே, அப்புறம் ஏன் தவறிழைத்தேன்னு எழுதணும்?”

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. எங்கள் பட்டறையில் இச்சொல் நாள்தோறும் புழங்குகிறது. கொலுசின் வளையங்களைக் கோத்து, பொடி தூவி, தீயைக் காட்டிப் பற்றவைக்கும்போது சூடு ஒரு கணம் கூடினாலும் மெல்லிய கம்பி குழைந்து, தனித்தனியாக ஆட வேண்டிய வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது “சொதப்பிட்டியேப்பா” என்போமே தவிர, “தவறு செய்துவிட்டாய்” என்று எவரும் சொல்வதில்லை. வெள்ளியின் எடையைக் குறைத்துக் காட்டியவனைப் பற்றித்தான் ‘தப்பு பண்ணிட்டான்’ என்போம். ஆகவே இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரிகிறது. எப்படி ஒன்றல்ல என்பதைத்தான் விளக்கத் தெரியவில்லை.

இச்சொல்லின் சரியான பொருள் என்ன? இது எங்கிருந்து வந்தது? இதை இழிந்த சொல் என்று ஒதுக்குவது முறையா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மகளுக்கு எடுத்துச் சொல்வேன்.

மறுமொழி 1: அம்மாப்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, வணக்கம். தங்கள் மகள் கேட்ட கேள்வி மிகக் கூர்மையானது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

முதலில் அச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘சொதசொத’ என்னும் இரட்டைக்கிளவியை நாம் அனைவரும் அறிவோம். மழை பெய்த களிமண் தரை, நீர் வடியாத துணி, குழைந்துபோன சோறு ஆகியவற்றை அவ்வாறு சொல்கிறோம். சேலத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஜவ்வரிசியே போதும். உப்புமாவுக்கு ஊறவைத்த ஜவ்வரிசியின் நீரை முற்றிலும் வடிக்காமல் வாணலியில் போட்டுவிட்டால், மணி மணியாக நிற்க வேண்டியது உருவிழந்து, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு, அள்ளினால் கூழாக விழும். அரிசியிலும் அடுப்பிலும் குறையில்லை. நன்றாக வந்திருக்க வேண்டிய பண்டம் கையாண்ட முறையால் கட்டுக்குலைந்துவிட்டது. ‘சொதப்பு’ என்னும் வினை இந்தச் ‘சொதசொத’ என்பதன் வேரிலிருந்தே கிளைத்தது என்பது என் கருத்து. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணம் சொல்வது உண்மையே. ஆயினும் ‘வழவழ’ என்பதன் அருகில் ‘வழுக்கு’ என்பதும், ‘மினுமினு’ என்பதன் அருகில் ‘மினுக்கு’ என்பதும், ‘குலுகுலு’ என்பதன் அருகில் ‘குலுக்கு’ என்பதும் நிற்பதைக் காணும்போது, ‘சொதசொத’ என்பதன் அருகில் ‘சொதப்பு’ நிற்பது இயல்பாகவே படுகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஈரநிலத்தில் கால் நழுவுவதைக் குறிக்கும் சொற்களைக் கொண்டே குற்றத்தையும் குறையையும் சொல்லுவது தமிழின் மிகப் பழைய வழக்கம். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்கம் உடையார்வாய்ச் சொல்’ என்பது 415ஆம் குறள். அங்கே ‘இழுக்கல்’ என்பது கால் வழுக்கும் சேற்றுநிலத்தின் தன்மை. ‘எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்னும் 467ஆம் குறளிலோ அதே அடிச்சொல் ‘இழுக்கு’ என்று குற்றத்தைக் குறிக்கிறது. வழுக்குதலோடு உறவுடைய ‘வழு’ என்பதே இலக்கணத்தில் பிழைக்குரிய பெயராயிற்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகப் பகுத்தார்கள். ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்னும் பழமொழியிலும் அதே நனைந்த தரைதான் இருக்கிறது. ஆகவே, சேற்றின் நெகிழ்ச்சியைச் சொல்லும் ஒலியிலிருந்து பிழையைக் குறிக்கும் ‘சொதப்பல்’ உருவானது என்றால், அது இழுக்கும் வழுவும் சறுக்கலும் சென்ற வழியிலேயே சென்றிருக்கிறது. ‘சொதப்பல்’ என்பதில் உள்ள ‘அல்’ விகுதியும் நன்னூல் தொழிற்பெயருக்குச் சொல்லும் விகுதிகளுள் ஒன்றே. அவியல், துவையல், வறுவல் என்று சமையலறையில் நாம் சொல்வன எல்லாம் அவ்வழியே வந்தவை.

அடுத்து, இது இழிசொல்லா என்ற கேள்வி. அவையில் சொல்லத் தகாததை இடக்கர் என்றும், அதை மறைத்து வேறு சொல்லால் சொல்லுவதை இடக்கரடக்கல் என்றும் இலக்கணம் கூறும். சொதப்பலில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். தாங்கள் வெள்ளித் தொழிலில் இருப்பதால் அது தங்களுக்குச் சுவையாக இருக்கும் என்று கருதி இதைக் குறிப்பிடுகிறேன். சொதப்பல் அந்த வகையிலும் அடங்காது, ஏனெனில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். எஞ்சுவது, அது பேச்சுவழக்குச் சொல் என்பது மட்டுமே. தொல்காப்பியத்தின் பாயிரம் ‘வழக்கும் செய்யுளும்’ என்று வழக்கை முன்னே வைத்துத்தான் சொல்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆசிரியர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் அவருடைய சிவப்புக் கோட்டை நான் புரிந்துகொள்கிறேன். தேர்வில் எழுத்துவழக்கைப் பேணச் சொல்லுவது அவர் கடமை. அவர் எடுத்துக் கொடுத்த மாற்றுச்சொல்தான் பொருந்தவில்லை. ‘இழைத்தல்’ என்பது துரோகம் இழைத்தல், தீங்கு இழைத்தல் என்று செய்பவனின் மேல் பொறுப்பைச் சுமத்தும் வினை. குழந்தை மேடையில் எவருக்கும் எந்தத் தீங்கும் இழைக்கவில்லை. ‘தடுமாறிவிட்டேன்’ என்று திருத்தியிருந்தால் அவளும் மறுத்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2: ஏற்காடு, காப்பித் தோட்டக் கண்காணிப்பாளர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் சொன்ன நனைந்த தரை எங்கள் மலையில் எந்நாளும் காலடியிலேயே இருப்பதால், நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

காப்பிப் பழத்தின் தோலை இயந்திரத்தில் நீக்கி, மேலே ஒட்டியிருக்கும் பிசின் விலகும்வரை தொட்டியில் வைத்து, கழுவிய பின் கொட்டையைக் களத்தில் உலர்த்துவோம். மார்கழியில் நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். அதற்குள் கொட்டையைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும். காய்ந்த கொட்டையைக் கையில் அள்ளிக் கீழே விட்டால் கலகலவென்று ஒலிக்கும். பனி குடித்த கொட்டையோ ஓசையின்றி விழும், விரலில் ஒட்டும், மறுநாள் புளித்த வாடை அடிக்கும். பழம் நல்ல பழம், பறித்தவர்கள் பச்சைக்காய் கலக்காமல் பறித்தார்கள், கழுவியதிலும் குறையில்லை. கடைசி அரை மணி நேரத்தில் மூட மறந்ததால் அத்தனை பேருடைய உழைப்பும் வீணாயிற்று. இதைத்தான் நாங்கள் ‘களத்துல சொதப்பிட்டாங்க’ என்போம். செடியில் பூச்சி விழுந்து விளைச்சல் போனால் அப்படிச் சொல்ல மாட்டோம். அது நட்டம் மட்டுமே. கைக்கு வந்தது கையாலேயே கெட்டால்தான் சொதப்பல்.

ஆனால் ஐயா சொன்ன ஒரு கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘தடுமாறிவிட்டேன்’ என்பது அந்தப் பிள்ளை சொல்ல நினைத்ததன் பாதியைத்தான் சொல்கிறது. தடுமாறியவர் சமாளித்து நின்றிருக்கவும் கூடும். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வண்டி தடுமாறினாலும் ஓட்டுநர் அதை நேர்ப்படுத்தி ஊர் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. சொதப்பினேன் என்றால், சமாளிக்க முடியாமல் முழுக் காரியமும் போயிற்று என்று பொருள். அத்துடன், ஒரு மாதம் பயிற்சி செய்தாள் என்பதையும் அச்சொல் உள்ளடக்கிக்கொள்கிறது. ஆயத்தமே செய்யாதவர் தோற்றால் அதைச் சொதப்பல் என்று சொல்லத் தோன்றுவதில்லை.

யார் யாரிடம் சொல்லலாம் என்பதும் உண்டு. என் கீழ் வேலை செய்யும் மூத்த அம்மாவிடம் “சொதப்பிட்டீங்க” என்று நான் சொல்ல மாட்டேன். ‘ங்க’ சேர்த்தாலும் அதில் மரியாதை வராது. “இன்னைக்குக் கொஞ்சம் பிசகிப் போச்சுங்கம்மா” என்பேன். என் பிழையைச் சொல்லும்போது மட்டும் தயக்கமின்றி “நான்தாம்மா சொதப்பிட்டேன்” என்பேன். தன்மேல் போட்டுக்கொள்ளும்போது பணிவாகவும், பிறர்மேல் போடும்போது கடுமையாகவும் ஒலிக்கும் சொல் இது.

மறுமொழி 3: அஸ்தம்பட்டி, அச்சகப் பிழைதிருத்துநர்

நாள்தோறும் பிறர் எழுத்தைத் திருத்துவதே என் தொழில் என்பதால், இச்சொல் வாக்கியத்தில் நடந்துகொள்ளும் விதம் பற்றிச் சில குறிப்புகள்.

தமிழில் பல வினைகளுக்கு இரட்டை வடிவம் உண்டு. ‘கெட்டது’ என்றால் தானாகக் கெட்டது; ‘கெடுத்தான்’ என்றால் ஒருவன் கெடுத்தான். ‘குழம்பியது’, ‘குழப்பினான்’ என்பனவும் அவ்வாறே. சொதப்பலுக்கு அந்தப் பிரிவு இல்லை. ‘அவன் நிகழ்ச்சியைச் சொதப்பினான்’ என்றும் சொல்லலாம், ‘நிகழ்ச்சி சொதப்பிவிட்டது’ என்றும் சொல்லலாம். இரண்டாம் வாக்கியத்தில் நிகழ்ச்சியே எழுவாயாக நிற்க, செய்தவர் மறைந்துவிடுகிறார். பொறுப்பைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய எழுத்தில் நான் இச்சொல்லைத் திருத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான். ஓர் அறிக்கையில் ‘விநியோகம் சொதப்பியது’ என்று எழுதினால், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

வேற்றுமை உருபும் பொருளை மாற்றுகிறது. ‘தேர்வில் சொதப்பினேன்’ என்பதில் தேர்வு களமாக மட்டும் நிற்கிறது. ஒன்றிரண்டு விடைகள் கெட்டிருக்கலாம். ‘தேர்வைச் சொதப்பினேன்’ என்றால் தேர்வு முழுவதும் போயிற்று. துணைவினைகளில், ‘சொதப்பிவிட்டான்’ என்பது நிகழ்ந்து முடிந்ததைச் சொல்லும் அளவில் நிற்கிறது. ‘சொதப்பி வைத்திருக்கிறான்’ என்பதிலோ, இனி அதைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது என்னும் எரிச்சல் ஏறிவிடுகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். இவ்வினைக்கு ஏவல் வடிவம் இருந்தும் எவரும் அதை உடன்பாட்டில் ஆள்வதில்லை. ‘சொதப்பாதே’ என்கிறோம், ‘சொதப்பாமல் செய்’ என்கிறோம். ‘போய்ச் சொதப்பு’ என்று யாரும் யாரையும் ஏவுவதில்லை. செய்ய எண்ணிச் செய்யும் செயல் அன்று அது. அப்படி எண்ணிச் செய்ததாகச் சொல்ல விரும்பினால், ‘வேண்டுமென்றே’ என்று ஒரு சொல்லைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தவறு, குற்றம் என்பவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. தெரிந்தே தவறு செய்தவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். மாணவி தன்னையறியாமல் பற்றிக்கொண்ட வேறுபாடு இதுவே என்று நான் கருதுகிறேன். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அருகிலுள்ள சொற்களையும் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். பட்டியலிலும் கணக்கிலும் வரிசையிலும் நேர்வது குளறுபடி. நாக்குக் குளறுவதிலிருந்து பிறந்த அச்சொல் இன்று அலுவலக எழுத்தில் தடையின்றி இடம்பெறுகிறது. பேச்சில் மட்டும் நேர்வது உளறல். கவனக்குறைவால் வாய்ப்பை இழப்பது கோட்டைவிடுதல். நல்ல நிலையிலிருந்து இறங்குவது சறுக்கல். அதில் ஒருவருடைய பழைய பெருமைக்கும் இடம் இருப்பதால், பெரியவர்களைப் பற்றி எழுதும்போது அதையே நான் பரிந்துரைப்பேன். சொதப்பல் என்பது அரங்கேற்றத்துக்கு உரியது: பேச்சு, ஆட்டம், சமையல், கைவேலை, திட்டமிட்ட விழா. ஆகையால்தான் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் ‘பேட்டிங்கில் சொதப்பல்’ என்று கூச்சமின்றித் தலைப்பிடுகின்றன, அங்கே அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் உயிரிழப்பு நேர்ந்த இடத்தில் இச்சொல்லை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. சிகிச்சைப் பிழையால் ஒருவர் இறந்தார் என்னும் செய்தியில் ‘சொதப்பல்’ என்று எழுதுவது இறந்தவரை அவமதிப்பதாகும். ஒருமுறை அச்சுக்குப் போகவிருந்த துண்டறிக்கை ஒன்றில் அப்படி ஒரு வரியைக் கண்டு, இயந்திரத்தை நிறுத்தி மாற்றச் சொன்னேன். தாமதத்துக்காக வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார். இன்றும் அதைச் சரியான முடிவாகவே எண்ணுகிறேன்.

அகராதி பற்றியும் ஒரு சொல். 1992இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களுக்குப் பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, உயர் வழக்கு என்று குறியிட்டுக் காட்டும் முறையைக் கைக்கொண்டது. நல்லது, கெட்டது என்று சொற்களைப் பிரிப்பதைக் காட்டிலும், எந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்று காட்டுவதே பயனுள்ளது. பள்ளிகளிலும் ‘பேச்சு வழக்கு’ என்று ஓரத்தில் குறித்துவிட்டுச் சொல்லை அடிக்காமல் விட்டால், பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொள்வார்கள்.

மறுமொழி 4: அம்மாப்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஏற்காட்டு அம்மையார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தடுமாற்றம் காரணம், சொதப்பல் விளைவு. நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். பிழைதிருத்தும் நண்பர் ஏவல் வடிவம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. இத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

மறுமொழி 5: செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

மூவருக்கும் என் நன்றி. நேற்று இரவு கடையை அடைத்த பிறகு, எல்லா மறுமொழிகளையும் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். காப்பிக் கொட்டை ஓசையின்றி விழும் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் படிக்கச் சொன்னாள். ஜவ்வரிசி உப்புமாவைப் பற்றிப் படித்தபோது அவள் அம்மா அடுப்படியிலிருந்தே “அது சரிதான்” என்றாள்.

ஆசிரியரிடம் வாதிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தம் கடமையைத்தான் செய்தார் என்பதையும் விளக்கினேன். கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருப்பதால், இரவு பத்து மணிவரை உட்கார்ந்து அந்த வரியை மட்டும் நான்கைந்து முறை எழுதி எழுதி அடித்தாள். இறுதியாக அவள் எழுதிய வரிகள் இவை: ‘மூன்றாம் பத்தியில் தடுமாறினேன். அதைச் சமாளிக்கத் தெரியாமல், ஒரு மாதம் பயின்ற உரையை நானே சொதப்பிவிட்டேன்.’ ஓரத்தில் பென்சிலால் ‘பேச்சு வழக்கு’ என்று அவளே குறித்திருக்கிறாள். ஏடு திங்கட்கிழமை ஆசிரியர் கைக்குப் போகும்.